இசை கேள்வி–பதில்: நாலு பேர், ஒரு பாட்டு, அரை மணி நேரம்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கும் மகன், டிசம்பர் கடைசியில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடக்கும் ‘ஃபிஷ்’ என்ற அமெரிக்க ராக் குழுவின் கச்சேரிக்கு என்னையும் சேர்த்து டிக்கெட் எடுத்திருக்கிறான். பழைய இந்திப் பாட்டு, கொஞ்சம் பீட்டில்ஸ், என் ஞானம் அவ்வளவுதான். இவர்கள் ஒரே பாட்டை அரை மணி நேரம் வாசிப்பார்களாமே? அங்கே போய் நான் என்ன செய்வது?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி

பதில்: தைரியமாகப் போங்கள். காதுக்கு ஒரு ஜோடி இயர் பிளக் வாங்கிக்கொள்ளுங்கள். உட்கார்ந்து பார்க்கலாம் என்ற நினைப்பை மட்டும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். முதல் பாட்டுக்கு எழுந்தவர்கள் இடைவேளையில்தான் உட்காருவார்கள். முதல் பாதி, இடைவேளை, இரண்டாம் பாதி, கடைசியில் ரசிகர்கள் கத்திக் கூப்பிட்டதும் ஒன்றிரண்டு பாட்டு என்று சுமார் மூன்றரை மணி நேரம் ஆகும். டிசம்பர் 31 என்றால் மூன்று பாகம். மூட்டு வலி இருந்தால் முதல் பாதியிலேயே காலை வீணாக்காதீர்கள். நீளமான வாசிப்பெல்லாம் பெரும்பாலும் இரண்டாம் பாதியில்தான் வரும்.

1983-ல் வெர்மாண்ட் பல்கலைக்கழகத்துப் பையன்கள் தொடங்கிய குழு இது. கிதார் ட்ரே அனஸ்டாஸியோ, பேஸ் மைக் கோர்டன், டிரம்ஸ் ஜான் ஃபிஷ்மேன், கீபோர்டு பேஜ் மெக்கானல். 2004-ல் போதும் என்று கடையை மூடினார்கள், 2009-ல் மறுபடி திறந்தார்கள். ஆட்கள் மட்டும் 1986-லிருந்து மாறவே இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் கேட்கப்போவது இந்த நாலு பேரின் பழக்கத்தைத்தான்.

பாட்டின் முதல் சில நிமிடம் எழுதி வைத்தபடி போகும். அது முடிந்ததும் எல்லோரும் ட்ரேயின் விரல்களையே பார்ப்பார்கள். நீங்கள் பேஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் கச்சேரியில் பாடுகிறவர் போகும் வழியில் வயலின் போகும். இங்கே யார் யாருக்குப் பக்கவாத்தியம் என்பதே அடிக்கடி மாறும். கோர்டன் திடீரென்று ஒரு ஸ்வரத்தில் நின்றுவிடுவார். நாலைந்து சுற்று அதிலேயே நிற்பார். மெக்கானல் பியானோவை விட்டு ஆர்கனுக்குப் போவார், ஃபிஷ்மேன் அடியை மாற்றுவார். கிதார் கடைசியாகத்தான் வந்து சேரும். அதற்குள் பாட்டின் பழைய தாளக்கட்டு, ஸ்வரக்கட்டு எதுவுமே மிச்சம் இருக்காது. பாட்டின் சட்டத்துக்குள்ளேயே சுற்றி வருவதை ரசிகர்கள் ‘டைப் ஒன்’ என்பார்கள், இப்படி வெளியே போவது ‘டைப் டூ’. அவர்கள் ஊர் ஊராகத் துரத்திக்கொண்டு போவது இந்த இரண்டாவதைத்தான்.

இது தற்செயலாக வருவதில்லை. ஆரம்ப காலத்தில் இதற்கென்றே ஒரு பயிற்சி வைத்திருந்தார்கள். ஒருவர் சின்னதாக ஏதாவது வாசிப்பார், மற்ற மூவரும் அதோடு பொருந்துகிற மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்துச் சேர வேண்டும். எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள் என்று காதுக்குப் பட்டதும் ‘ஹே’ சொல்ல வேண்டும். நாலு ‘ஹே’யும் ஒன்றாக விழுந்தால் சரி. முன்பின்னாக விழுந்தால் யாரோ தன் வாத்தியத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். இந்தப் பயிற்சி நம் பள்ளிகளிலும் வேண்டும் என்பது என் ஆசை, அதை அப்புறம் பேசலாம்.

இதே அரங்கில் நான் பார்த்த இரவில், பக்கத்து இருக்கையில் நரைத்த முடியோடு ஓர் அம்மாள். கையில் சின்ன நோட்டு, கழுத்தில் பென்சில். ஒவ்வொரு பாட்டும் தொடங்கும்போது பெயரை எழுதுவார். நின்று தொடங்கினால் நடுவில் காற்புள்ளி, ஒன்றிலிருந்து ஒன்று நழுவிப் போனால் அம்புக்குறி. ஓரிடத்தில் ட்ரே, மற்றவர்கள் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கும்போதே படக்கென்று அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார். ‘ரிப்கார்டு’ என்று ரசிகர்கள் திட்டுவார்களே, அதுதான். அம்மாள் அம்புக்குறி போடப் போன பென்சிலை நிறுத்தி, ஒரு கோணல் கோடு இழுத்துவிட்டு என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சுப்புடு எழுதியிருந்தால் அரைப் பக்கம் ஆகியிருக்கும்!

இன்னொன்று. அந்த அரங்கம் பென் ஸ்டேஷன் என்ற ரயில் நிலையத்தின் தலைமேல் இருக்கிறது, தளமே தெருவிலிருந்து ஐந்து மாடி உயரத்தில். கூட்டம் ஒன்றாகக் குதித்தால் காலடி லேசாக அசையும். பயப்படாதீர்கள். மகனோடு நியூ ஜெர்சி ரயிலில் போனால் கீழே இறங்கி நேரே மேலே ஏறிவிடலாம்.

கேள்வி: ஒரே குழுவை மூன்று நாள் தொடர்ந்து போய்ப் பார்க்கிறார்களே, பைத்தியமா?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: நேற்று வாசித்தது இன்று வராது என்பதால்தான். 2017-ல் இதே அரங்கில் 13 இரவுகள் வாசித்தார்கள். ஒரு பாட்டைக்கூட இரண்டாம் முறை தொடவில்லை. மொத்தம் 237 பாட்டு. இது பைத்தியம் என்றால், முதலில் மேடையில் இருக்கிறவர்களுக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

கேள்வி: கச்சேரியை ரசிகர்களே பதிவு செய்யலாமாமே? நம் சபாக்களில் போனை எடுத்தாலே முறைக்கிறார்கள்.
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: வழிகாட்டியவர்கள் இவர்களுக்கு முந்தைய அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட். 1984-லிருந்து டேப் பிடிப்பவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கினார்கள். உயரமான கம்பங்களில் மைக்குகள் நாணல் மாதிரி நிற்கும். பதிவை ஆளுக்கு ஆள் கொடுக்கலாம், விற்கக் கூடாது. ஃபிஷ்ஷும் அதே வழிதான். வியாபாரம் கெடும் என்று பயந்தவர்கள் கவனிக்க வேண்டியது: நாடாக்கள் கைமாறக் கைமாறத்தான் கச்சேரிக்குக் கூட்டம் பெருகியது. இப்போது ஃபிஷ்ஷே ஒவ்வொரு இரவின் பதிவையும் இணையத்தில் விற்கிறது, அதையும் வாங்குகிறார்கள். சபாக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். முறைப்பார்கள்.

கேள்வி: இப்படி மேடையிலேயே பாட்டை நீட்டி வாசிக்கும் ‘ஜாம் பேண்டு’ சமாச்சாரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா, அல்லது நீங்களாக முடிச்சுப் போடுகிறீர்களா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஒன்று உண்டு. கிரேட்ஃபுல் டெட்டின் டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட் தபலா மேதை அல்லா ரக்காவிடம் கற்றவர். அவர் 1991-ல் வெளியிட்ட ‘பிளானெட் டிரம்’ தொகுப்பில் ஜாகிர் உசேனும் நம் விக்கு விநாயக்ராமும் வாசித்தார்கள். உலக இசைக்கென்று கிராமி முதன்முதலாகக் கொடுத்த விருது அதற்குத்தான். அந்த மேடையில் கடமும் ஏறியது.

கேள்வி: கஞ்சா வாடை அடிக்குமா? வீட்டில் விட மாட்டேன் என்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: அடிக்கும். மறைத்து என்ன பயன்? நியூயார்க்கில் 2021-லிருந்து பெரியவர்களுக்கு அது சட்டவிரோதமும் இல்லை. ஆனால் இடைவேளையில் அரங்கின் வெளிவட்டத்தில் மஞ்சள் பலூன் கட்டிய மேஜையைத் தேடுங்கள். குடியையும் போதையையும் விட்டுவிட்டு, இசைக்காக மட்டும் வருகிறவர்கள் அங்கே கூடுவார்கள். உங்கள் வீட்டாருக்கு அந்த மேஜையைப் பற்றிச் சொல்லுங்கள்.

கேள்வி: ஃபிஷ்ஷின் டிரம்ஸ்காரர் வாக்குவம் கிளீனர் வாசிப்பாராமே? நிஜமா?
– வாசகி, சேலம்

பதில்: நிஜம். வட்ட வட்டமாகப் போட்ட கவுன் அணிந்து வந்து, குழாயை வாயில் வைத்து ஓட்டுவார். சங்கீதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சுருதிக்குப் பக்கத்தில் வருகிறது.