லோங்காங் யாருடையது?

கேள்வி: வணக்கம் ஐயா. மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு பழைய தோட்டத்தை ஒட்டிய தாமானில், அதாவது குடியிருப்பில், இருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், வாழ்ந்தவர்கள். வேலை முடிந்ததும் இங்கே மலிவு விலை வீடு வாங்கி வந்துவிட்டோம். மழை பெய்தால் பின்பக்க லோங்காங், அதாவது வடிகால், நிரம்பித் தண்ணீர் சமையலறை வாசல் வரை வருகிறது. கடைசி வரிசையில் 3 தெருவிளக்குகள் எரியவில்லை. குப்பை லாரி முச்சந்தியோடு திரும்பிவிடுகிறது, எங்கள் சந்துக்குள் வருவதில்லை. 4 மாதமாக வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுக்கொண்டே இருக்கிறோம். யாரைக் கேட்டாலும் அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள். வீட்டு வரி ஒழுங்காகக் கட்டுகிறோம். யாரிடம் போவது?

பதில்: தம்பி, நான் பல வருடம் ஓர் ஊராட்சி மன்றத்தின் கவுண்டரில் உட்கார்ந்தவன். "இது எங்கள் பகுதி இல்லை" என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சில நேரம் அது உண்மை. சில நேரம் எனக்கே சரியாகத் தெரியாமல் சொன்னது. வந்தவரும் மறுகேள்வி கேட்காமல் போய்விடுவார். அந்த மறுகேள்வி என்ன என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

"யார் செய்வார்கள்" என்று கேட்காதீர்கள். "இந்த நிலம் யாருடையது" என்று கேளுங்கள். உங்களுடையது போன்ற தோட்டத்து ஊர்களில் சிக்கல் எல்லாம் இங்கேதான். சுற்றிலும் ஒரே நிலம் போலத் தெரியும். தாமான் ரோடு மன்றத்தின் பொறுப்பாக இருக்கும். 20 அடி தள்ளி இருக்கும் செம்மண் ரோடு தோட்டக் கம்பெனியின் சொத்தாக இருக்கும். வெளியே போகும் பெரிய ரோட்டைப் பொதுப்பணி இலாகா, நாம் ஜேகேஆர் என்று சொல்வது, பார்த்துக்கொள்ளும். அந்தப் பெரிய ரோட்டை அடையாளம் காண்பது சுலபம். பலகையில் எண்ணுக்கு முன்னால் 'பி' இருந்தால் சிலாங்கூர் மாநில ரோடு, வெறும் எண் மட்டும் இருந்தால் கூட்டரசு ரோடு. பேராக்கில் அந்த எழுத்து 'ஏ', ஜொகூரில் 'ஜே'.

வீட்டு வரி கட்டுவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சுக்காய் பிந்து, அதாவது மதிப்பீட்டு வரி, பிப்ரவரி முடிவிலும் ஆகஸ்ட் முடிவிலும் ஆண்டுக்கு இரண்டு தவணையாக மன்றத்துக்குப் போகிறது. உங்கள் ஊருக்கு அது கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகம். நில அலுவலகத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை கட்டுவது நில வரி, அது வேறு. மதிப்பீட்டு வரி பில் வருகிறது என்றால் உங்கள் வீடு மன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். வீட்டுக்கு முன்னால் போகும் ரோடும் மன்றத்துடையது என்று அதற்கு அர்த்தம் இல்லை. தாமான் கட்டிய மேம்பாட்டாளர் ரோடு, லோங்காங், விளக்கு எல்லாவற்றையும் முறைப்படி மன்றத்திடம் ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்படைக்காமல் கம்பெனியை மூடிவிட்டுப் போனவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ரோட்டில் மன்றம் காசு போடத் தயங்கும்.

ஆகவே முதல் வேலையாக மன்றத்தின் பொறியியல் பிரிவுக்குப் போய், "ஜாலான் இனி சுடா செராஹ் கெபாடா மஜ்லிஸ்?" என்று கேளுங்கள். ரோட்டை ஒப்படைத்தாயிற்றா என்பதுதான் கேள்வி. அதோடு "மாரிஸ் பட்டியலில் இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். மாரிஸ் என்பது ரோடுகளின் பதிவேடு. மாநில ரோடுகளின் பராமரிப்புக்குக் கூட்டரசு தரும் மானியம் அந்தப் பதிவை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. பட்டியலில் இல்லாத ரோட்டுக்கு அந்தப் பணம் வராது. இந்த இரண்டு கேள்வியையும் கேட்டால் கவுண்டரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து உங்களைப் பார்ப்பார். என் அனுபவத்தில் சொல்கிறேன்.

சரி, இப்போது லோங்காங். உங்கள் மூன்று பிரச்சினைகளில் சிக்கலானது இதுதான், இதற்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வோம்.

பின்பக்கச் சந்தில் இருக்கும் சிமெண்டு லோங்காங், ஒப்படைத்த தாமான் என்றால், மன்றத்தின் பொறுப்பு. தோட்டத்துக்குள் செம்பனை வரிசைகளுக்கு இடையே வெட்டிய மண் வாய்க்கால் தோட்டக் கம்பெனியின் பொறுப்பு. ஆறும் பெரிய வடிகாலும் நீர்ப்பாசன வடிகால் இலாகா, அதாவது ஜேபிஎஸ், கையில். உங்கள் தண்ணீர் பெரும்பாலும் இந்த மூன்றையும் தாண்டித்தான் போகிறது. நான் பார்த்த பத்துப் புகாரில் ஆறேழு ஒரே மாதிரிதான் இருக்கும். மன்றத்து ஆட்கள் வந்து சிமெண்டு லோங்காங்கைச் சுத்தம் செய்துவிட்டுப் போவார்கள். அடுத்த மழைக்கு மறுபடியும் நிரம்பும். "சரியாகச் செய்யவில்லை" என்று திட்டுவோம். உண்மையில் அடைப்பு அங்கே இருக்காது. சிமெண்டு முடிந்து தோட்டத்து வாய்க்கால் தொடங்கும் இடத்தில் வெட்டிய செம்பனை மட்டையும் வண்டல் மண்ணும் சேர்ந்து மேடு தட்டியிருக்கும். மேலே எவ்வளவு கழுவினாலும் கீழே வழி இல்லையென்றால் தண்ணீர் திரும்பி வீட்டுக்குத்தான் வரும்.

அதனால் அடுத்த மழை விட்டதும் இடியும் மின்னலும் அடங்கியபின் வீட்டுக்குப் பின்னால் தொடங்கி, தண்ணீர் போகும் திசையிலேயே நடந்து போங்கள். கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டே போங்கள். எங்கே தண்ணீர் ஓடாமல் தேங்கி நிற்கிறதோ அங்கே நின்று இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசி வரைபடத்தில் அந்தப் புள்ளியைச் சேமித்து வைப்பது இன்னும் நல்லது. தோட்டத்து வேலிக்குள் மட்டும் கேட்காமல் போகாதீர்கள்.

அடைப்பு தோட்டத்து நிலத்தில் என்றால் மன்றத்துக்கும் தோட்ட மானேஜருக்கும் ஒரே நாளில் தனித்தனிக் கடிதம் கொடுங்கள். முதலில் மானேஜரை நேரில் பார்ப்பது நல்லது. பல தோட்டங்களில் வாய்க்கால் தோண்ட எக்ஸ்கவேட்டர் எப்படியும் வரும். அது வரும் நாளில் உங்கள் மூலையையும் சேர்த்துத் தோண்டச் சொன்னால் அரை நாளில் முடிகிற வேலை. அவர் அசையவில்லை என்றால், பொதுமக்களுக்குத் தொல்லை தரும் நிலையைச் சரிசெய்யும்படி நில உடைமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் 1976 ஊராட்சி மன்றச் சட்டத்தில் மன்றத்துக்கு இருக்கிறது. மன்றத்துக்கு எழுதும் கடிதத்தில் "லோங்காங்கைச் சுத்தம் செய்யுங்கள்" என்று மட்டும் எழுதினால் மறுபடியும் சிமெண்டைக் கழுவிவிட்டுப் போவார்கள். "அடைப்பு இந்த இடத்தில், இந்த நிலத்தில் இருக்கிறது, உடைமையாளருக்கு நோட்டீஸ் கொடுங்கள்" என்று எழுதுங்கள்.

ஒரு விஷயம், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடிதம் எழுதும் முன் உங்கள் வரிசையை ஒரு முறை நடந்து பாருங்கள். பின்பக்கச் சந்துக்குள் சமையலறையை நீட்டி, லோங்காங்கின் மேல் சிமெண்டு பலகை போட்டு மூடியவர்கள் எத்தனை பேர்? மூடிய இடத்துக்குள் மன்றத்து ஆள் கை விட முடியாது. அதிகாரி வந்து பார்த்தால் முதலில் அதைத்தான் எழுதிக்கொண்டு போவார். பொரித்த எண்ணெயை லோங்காங்கில் ஊற்றும் பழக்கமும் நம் வீடுகளில் உண்டு. அது உள்ளே போய் இறுகிக் கல் மாதிரி ஆகிவிடும்.

தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு தெரிந்தால், அல்லது பக்கத்தில் யாருக்காவது டிங்கி வந்திருந்தால், அதை மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தனியாகச் சொல்லுங்கள். 1975 முதல் இருக்கும் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வீட்டுக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் வந்து சோதிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

விளக்கு விஷயம் சுலபம். கம்பத்தில் ஓர் எண் எழுதியிருக்கும் அல்லது தகடு அடித்திருக்கும். அதைப் படம் எடுங்கள். கம்பத்தில் மின்வாரியமான தெனாகாவின் மின்கம்பியும் போகிறது என்றால் தெனாகாவின் 15454 எண்ணுக்கு அழைக்கலாம். அவர்களுடைய மைடிஎன்பி செயலியிலும் தெருவிளக்குப் புகாருக்குத் தனி இடம் உண்டு. "கடைசி வரிசையில் விளக்கு இல்லை" என்று சொன்னால் யாருக்கும் புரியாது. கம்ப எண்ணைச் சொன்னால் ஆள் நேரே அங்கே வந்து நிற்பார். விளக்குக்கென்றே நட்ட தனிக் கம்பம் என்றால் பெரும்பாலும் மன்றத்துடையது, அவர்களிடம் சொல்லுங்கள்.

குப்பைக்கு வருவோம். சிலாங்கூரின் 12 ஊராட்சி மன்றங்களுக்கும் குப்பை அள்ளுவது கேடிஇபி வேஸ்ட் மேனேஜ்மென்ட் நிறுவனம். ஐகிளீன் சிலாங்கூர் செயலியில் புகார் போடலாம். நெகிரி செம்பிலான், மலாக்கா, ஜொகூர், பகாங், கெடா, பெர்லிஸ் வாசகர்கள் திடக்கழிவைக் கவனிக்கும் கூட்டரசு அமைப்பான எஸ்டபிள்யூகார்ப்பிடம் போக வேண்டும். 2007 திடக்கழிவுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட மாநிலங்கள் அவை. பேராக் போன்ற இடங்களில் நேரே மன்றம்தான்.

ஆனால் லாரி ஏன் திரும்பிப் போகிறது என்று டிரைவரையே கேட்டிருக்கிறீர்களா? குப்பையை அழுத்தும் லாரி நல்ல கனம். உங்கள் சந்துக்குப் போகும் வழியில் தோட்டத்துச் சிறு பாலம் இருந்தால் அவர் ஏற்ற மாட்டார். முட்டுச் சந்தில் இரண்டு பக்கமும் கார் நின்றால் உள்ளே வந்து ரிவர்ஸ் எடுக்கவும் முடியாது. காரணம் கார் என்றால் அதை நீங்களே தீர்க்கலாம், குப்பை நாளில் காலையில் காரை ஒரு பக்கமாக விட்டால் போதும். காரணம் பாலம் என்றால் எத்தனை புகார் போட்டாலும் லாரி வராது. அப்போது முச்சந்தியில் பொதுத் தோங், அதாவது குப்பைத் தொட்டி, வையுங்கள் என்று கேளுங்கள். இடத்தையும் நீங்களே காட்டுங்கள், யார் வீட்டு வாசலும் இல்லாத இடமாகப் பார்த்து. தோங் வைக்கும் யோசனை பெரும்பாலும் செத்துப்போவது இந்த "என் வாசலில் வேண்டாம்" சண்டையில்தான்.

லயத்தில் இன்னும் இருக்கும் உறவினர்கள் உங்களுக்கு இருக்கலாம். தோட்டத்தில் வேலை செய்துகொண்டு அங்கேயே குடியிருப்பவர்களுக்கு வழி வேறு. வீட்டைப் பழுது பார்த்துத் தருவது, தண்ணீர், மின்சாரம் எல்லாம் 1990 ஆம் ஆண்டுச் சட்டப்படி, 446 ஆவது சட்டம் என்பார்கள், முதலாளியின் கடமை. கேட்க வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா, மன்றம் இல்லை.

இனி வாட்ஸ்அப் குழுவைப் பற்றி. அதில் போட்ட படம் புகார் ஆகாது, தம்பி. புகார் என்றால் அதற்கு ஓர் எண் வர வேண்டும். மன்றத்தின் கவுண்டரிலோ இணையத்திலோ கொடுத்ததும் வரும் 'நொம்போர் அடுவான்', அதாவது புகார் எண், தான் உங்கள் ஆதாரம். ஒரு பிரச்சினைக்கு ஒரு புகார், மூன்றையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். கட்டினால் விளக்கைச் சரிசெய்துவிட்டு மூன்றும் முடிந்தது என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

கடிதம் மலாயில், ஒரே பக்கம். முதல் வரியிலேயே இடம், வீட்டு எண்கள், புகார் எண். படம் இரண்டு போதும். அடியில் 'சாலினான் கெபாடா' போட்டு, உங்கள் பகுதிக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் நகல். மன்ற உறுப்பினர் நாம் ஓட்டுப் போட்டு வந்தவர் இல்லை. 1965 இல் நிறுத்திய ஊராட்சித் தேர்தல் இன்னும் திரும்பி வரவில்லை, மாநில அரசுதான் நியமிக்கிறது. அதனாலேயே பலருக்கு அவர் யார் என்றே தெரியாது. மன்றத்து அலுவலகத்தில் கேட்டால் பெயரும் எண்ணும் கிடைக்கும். சிலாங்கூரில் இந்திய சமூகத் தலைவர் என்றும் ஒருவரை நியமித்திருப்பார்கள். கடிதம் எழுதத் தடுமாறும் பெரியவர்களுக்கு அவர் உதவலாம். மன்றத்தின் மாதக் கூட்டத்துக்குப் பொதுமக்களும் போய் உட்காரலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. பின்வரிசையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தாலே பேச்சு கொஞ்சம் மாறும்.

பல வாரம் ஆகியும் பதில் இல்லையென்றால் பிரதமர் துறையின் கீழ் இருக்கும் பொதுப் புகார் பிரிவுக்கு எழுதலாம். அங்கேயும் முதலில் கேட்பது பழைய புகார் எண்ணைத்தான்.

வாட்ஸ்அப் குழு பயனில்லை என்று சொல்லவில்லை. தண்ணீர் வெட்டு, கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுத் துப்புரவு, தடுப்பூசி நாள் போன்ற செய்திகளுக்கு அது நல்லது. ஆனால் கைப்பேசி இல்லாத பாட்டிகள் உங்கள் வரிசையில் எத்தனை பேர்? தண்ணீர் வெட்டு அறிவிப்பு வந்தால் தண்ணீர் விநியோக நிறுவனமான ஆயர் சிலாங்கூரின் 15300 இல் உறுதி செய்துகொண்டு, பெரிய எழுத்தில் எழுதிக் கோயில் வாசலிலும் மளிகைக் கடையிலும் ஒட்டுங்கள். தேதியை மறக்காமல் போடுங்கள். போன வருட அறிவிப்பைப் பார்த்துவிட்டு வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்து வைத்த வீடு எனக்குத் தெரியும், அது என் வீடுதான்.

கவுண்டருக்குப் போக வார நடுவில் ஒரு காலைப் பொழுதைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், தொழுகைக்காக மதிய இடைவேளை நீளமாக இருக்கும். மதிப்பீட்டு வரி பில்லை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டுக் கணக்கு எண் அதில்தான் இருக்கிறது.