கண்ணாடி அளவெடுக்கிறது ஒரு படிப்பா என்று சிரித்த சித்தப்பாவுக்கும் சேர்த்து ஒரு பதில்

மகளுக்கு மருத்துவ இடம் கிடைக்கவில்லை. இன்னொரு வருடம் வீட்டில் உட்கார்ந்து படிக்கட்டுமா, இல்லை வீட்டை அடமானம் வைத்து எங்காவது வெளிநாட்டில் மருத்துவமே சேர்த்துவிடலாமா என்று ஓர் அப்பா எழுதியிருந்தார். நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி: "அவள் ஆப்டீசியன் படிப்பு என்று ஏதோ சொல்கிறாள், கண்ணாடிக்கு அளவெடுத்துப் பொருத்தித் தருகிற வேலையாம், சித்தப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார்."

ஒரு வருடம் தள்ளிப்போனால் குடிமுழுகிப் போகாது, பயப்படாதீர்கள். ஆறுதல் அவ்வளவுதான். இனி கொஞ்சம் கறாராகவே பேசுகிறேன்.

வீட்டை அடமானம் வைக்காதீர்கள். மருத்துவத்தில் முதல் பட்டத்தோடு எதுவும் முடிவதில்லை. வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பினால் உரிமத் தேர்வு, அப்புறம் மேற்படிப்பு, அதற்கு இன்னொரு போட்டி, இதெல்லாம் நடக்கும்போது வட்டி மட்டும் யாருக்காகவும் காத்திருக்காது. இத்தனையும் எதற்கு? நான் உங்கள் மகளிடம் தனியாகப் பேசினேன், மருத்துவமனையில் வேலை செய்ய அவளுக்கு விருப்பமே இல்லை, வீட்டில் சொல்ல முடியவில்லை என்றாள். பிடித்தது என்ன என்று கேட்டால் ஒளியியல் பாடம், கையால் நுணுக்கமாகச் செய்கிற வேலை, வயதானவர்களோடு பேசுவது என்று தடுமாறாமல் சொல்கிறாள். இந்த மூன்றும் ஒன்றாகத் தேவைப்படும் தொழில் எத்தனை இருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள். பொறியியல், நர்சிங், பார்மசி பற்றிச் சொல்ல உங்களைச் சுற்றி நிறையப் பேர் இருப்பார்கள், நான் அதற்குள் போகவில்லை.

சித்தப்பா நினைப்பது பிரேமை எடுத்துக் காட்டி விலை சொல்கிற வேலையை. அதுவும் கண்ணாடிக் கடையில் நடக்கிறதுதான், மறுக்கவில்லை. ஆனால் கண் துறையில் மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள்: நோயைக் கண்டு அறுவைசிகிச்சை வரை செய்பவர் கண் மருத்துவர், பார்வையைச் சோதித்துப் பவர் எழுதுபவர் ஆப்டோமெட்ரிஸ்ட், எழுதிய பவரை அந்த முகத்துக்கு ஏற்ற கண்ணாடியாக மாற்றித் தருபவர் டிஸ்பென்சிங் ஆப்டீசியன். மூன்றாவது ஆள் சொதப்பினால் முதல் இருவர் செய்தது வீண். லென்ஸின் ஒளிமையம் கண்மணிக்கு நேராக உட்கார வேண்டும். தள்ளி உட்கார்ந்தால் லென்ஸ் பட்டகம் (பிரிசம்) மாதிரி ஒளியை வளைக்கும், எவ்வளவு வளைக்கும் என்பதற்குச் சின்னக் கணக்கு உண்டு: விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்கினால் போதும். லென்ஸின் பவரை டயாப்டரிலும், இந்த வளைவைப் பட்டக டயாப்டரிலும் அளப்பார்கள். 6 டயாப்டர் லென்ஸ் வெறும் 5 மில்லிமீட்டர் தள்ளிப்போனால் 3 பட்டக டயாப்டர். போட்டவருக்குத் தலைவலி, சிலருக்கு இரண்டிரண்டாகத் தெரியும், சீட்டில் பவர் சரியாகவே இருக்கும், தப்பு எங்கே என்று யாருக்கும் புரியாது.

பவர் அதிகமானால் லென்ஸ் கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதும் கணக்கில் வரும். சோதிக்கும்போது 12 மில்லிமீட்டர் தள்ளி இருந்த +10 லென்ஸை 14 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும் பிரேமில் போட்டால், கிட்டத்தட்ட 0.2 டயாப்டர் குறைத்துக் கொடுத்தால்தான் அதே பார்வை வரும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக மாறுகிற புரோகிரசிவ் லென்ஸ் என்றால் ஒவ்வொரு கண்ணுக்கும் மூக்கிலிருந்து தனி அளவு, பொருத்தும் உயரம், பிரேமின் சாய்வு எல்லாம் எடுக்க வேண்டும். "புரோகிரசிவ் எனக்கு ஒத்துக்கல" என்று டிராயரில் போட்டுவைத்திருக்கும் ஆட்களில் எத்தனை பேருக்கு லென்ஸ் மேல் குறை, எத்தனை பேருக்கு அளவெடுத்தவர் மேல் குறை என்று யாராவது விசாரித்தால் தேவலை.

இந்தத் தொழிலுக்குச் சட்டமும் அளவுகோலும் உண்டு என்பதுதான் சித்தப்பாவுக்குத் தெரியாத விஷயம். பிரிட்டனில் 1958-இலேயே சட்டம் போட்டு ஜெனரல் ஆப்டிகல் கவுன்சில் என்ற ஒழுங்குமுறை அமைப்பை உண்டாக்கிவிட்டார்கள், இப்போது நடப்பில் இருப்பது 1989-ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவர் தன்னை டிஸ்பென்சிங் ஆப்டீசியன் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கண்ணாடி விற்பதென்றால் பதிவுபெற்ற ஒருவர் செய்ய வேண்டும், அல்லது அவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும். பார்வைக் குறைபாடு உள்ளவர் என்று பதிவானவர்களுக்கும் இதேதான். பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், சின்ன மூக்கில் பிரேம் வழுக்கும், பிள்ளை லென்ஸுக்கு மேலே எட்டிப்பார்த்தே பழகிவிடும், பார்வை பெரும்பாலும் ஏழெட்டு வயதுக்குள் படிந்துவிடுவதால், அதற்குள் தெளிவாகப் பார்க்கப் பழகாமல் போன கண்ணை, அதாவது சோம்பேறிக் கண்ணை, பிற்பாடு சரிசெய்வது கடினம்.

பதிவு வாங்கிவிட்டால் காலமெல்லாம் நிம்மதி என்றும் இல்லை. மூன்று வருடச் சுழற்சியில் தொடர்ந்து படித்ததைக் காட்ட வேண்டும், குறிப்புகளை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும், தன்னால் முடியாததை முடியாது என்று சொல்லி அனுப்பிவைக்க வேண்டும். கண்ணாடியைச் சரிசெய்ய வந்தவர் பேச்சுவாக்கில் "நேத்திலிருந்து கண்ணுல மின்னல் வெட்டுது, ஓரத்தில் திரை விழுந்த மாதிரி இருக்கு" என்றால் அது விழித்திரை விலகலாக இருக்கலாம், ஸ்குரூவை முறுக்கிக்கொண்டு நிற்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பத் தெரிய வேண்டும். தேவையில்லாத கோட்டிங்கை விற்கச் சொல்லி முதலாளி நெருக்கினாலும் எதிரே உட்கார்ந்திருப்பவரின் நலன்தான் முதலில். இதையெல்லாம் மீறினால் விசாரணை, கடைசியில் பெயர் நீக்கம். 2016-இல் அந்தக் கவுன்சில் கொண்டுவந்த நடத்தை விதிகளில் மாணவர்களுக்கென்றே தனித் தொகுப்பு இருந்தது, அதாவது படிக்கும்போதே பொறுப்பு தொடங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு. பாதிக்கும் குறைவான மாநிலங்களில்தான் ஆப்டீசியனுக்கு உரிமம் கட்டாயம், மற்ற இடங்களில் அமெரிக்கன் போர்டு ஆஃப் ஆப்டீசியனரி நடத்தும் தேர்வு தகுதியைக் காட்ட உதவும். ஆனால் பொருளுக்கு விதி உண்டு. 16 கிராம் எஃகுக் குண்டை 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டாலும் லென்ஸ் உடையக் கூடாது. சாதாரணப் பவர்களில் 0.13 டயாப்டருக்கு மேல் பிசகக் கூடாது என்று அங்கே தொழில் தரம் வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் இது மூன்று வருடத் தொழிற்பழகுநர் பயிற்சி, பயிற்சிக் காலத்திலேயே ஊதியம் வரும், சொந்தமாகக் கடை வைக்கப் பொதுவாக அதற்கு மேல் மாஸ்டர் தகுதி வேண்டும். இந்தியாவில் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் இணை சுகாதாரத் தொழில்களுக்கென்று தேசிய ஆணையம் கொண்டுவந்தபோது ஆப்டோமெட்ரிஸ்டைப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே இந்தியாவிலேயே வேலை பார்ப்பதாக இருந்தால், கண்ணாடி பொருத்தும் குறுகிய காலச் சான்றிதழோடு நிற்காமல் ஆப்டோமெட்ரி பட்டமாகவே படிக்கட்டும் என்பேன்.

ஒரே பெயருள்ள வேலை ஓரிடத்தில் பதிவுபெற்ற தொழில், இன்னோரிடத்தில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். அதனால் எந்தக் கல்லூரிக்குப் பேர் என்று விசாரிக்காதீர்கள். அவள் எந்த நாட்டில் வேலை பார்க்கப்போகிறாளோ அந்த நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு இந்தப் படிப்பை ஒப்புக்கொள்கிறதா, முடித்ததும் யார் துணையும் இல்லாமல் அவள் என்னென்ன செய்யலாம், இதை மட்டும் கேளுங்கள்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க நிற்கும் வேலை, விடுமுறை நாட்களில்தான் கூட்டம் வரும், விற்பனை இலக்கு வைத்துத் துரத்தும் நிறுவனங்கள் உண்டு, சம்பளம் கண் மருத்துவருடையதை எட்டாது. இதை வழியாக வைத்துப் பின்னால் மருத்துவராகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி ஒரு குறுக்குவழி இல்லை. ஆனால் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஏற்பாடு பிரிட்டனிலும் உண்டு. மகள் சம்பாதித்துக்கொண்டு படிக்க வழி இருக்கும்போது, வீட்டை அடமானம் வைத்து அவள் விரும்பாத படிப்பை வாங்கித் தருவதை நான் ஒருக்காலும் சரி என்று சொல்ல மாட்டேன். உறவுக்காரர் யாரும் உங்கள் கடன் தவணையைக் கட்டப்போவதில்லை.

பணம் கட்டுவதற்கு முன்னால் அவளை ஒரு வாரம் நல்ல கண்ணாடிக் கடை ஒன்றில் உட்காரவையுங்கள். லென்சோமீட்டரில் பவர் பார்ப்பதையும், வந்த கண்ணாடியைச் சீட்டோடு ஒப்பிட்டுத் தப்பு இருந்தால் திருப்பி அனுப்புவதையும், கோபமாக வந்தவரைச் சமாளிப்பதையும் பார்க்கட்டும். பார்த்தபின் வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள், என்னிடம் மறுபடி வாருங்கள், வேறு பேசலாம். வேண்டும் என்றால் கல்லூரியில் போய், ஒழுங்குமுறை அமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் உங்கள் படிப்பு எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேளுங்கள். "விண்ணப்பித்திருக்கிறோம், சீக்கிரம் வந்துவிடும்" என்று பதில் வந்தால் முன்பணம்கூடக் கட்ட வேண்டாம்.