லாட நண்டு: ஓட்டைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள்

லாட நண்டுக்கு ஓடு இருக்கிறது, அது கடலில் வாழ்கிறது, பெயரிலேயே நண்டு இருக்கிறது. பிறகு ஏன் நண்டு இல்லை என்கிறீர்கள்?

ஓடு ஏமாற்றும். மல்லாத்திப் போட்டு வாயைப் பாருங்கள். நண்டுக்கும் இறாலுக்கும் தலையில் இரண்டு ஜோடி உணர்கொம்புகள் உண்டு, இரையை அரைக்கத் தாடைகளும் உண்டு. லாட நண்டுக்கு இரண்டுமே கிடையாது. வாய்க்கு முன்னால் ஒரு ஜோடிச் சிறு இடுக்கிகள் இருக்கும். சிலந்தியிடம் விஷப்பல்லைத் தாங்கி நிற்பது இதே உறுப்புதான். தாடை இல்லாமல் எப்படித் தின்கிறது? ஐந்து ஜோடி நடைகால்களின் அடிப்பாகத்தில் முட்கள் உள்ளன. புழுவையும் சிப்பியையும் நசுக்கி வாய்க்குள் தள்ளுவது அவைதான். காலை அசைக்காமல் இந்தப் பிராணியால் மெல்ல முடியாது!

அறிஞர்களும் தடுமாறியிருக்கிறார்கள். 1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் இதை நீர்த்தெள்ளுகளோடு சேர்த்து, கிரேக்கக் கதையின் ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸின் பெயரை வைத்தார். உண்மையில் இதற்குப் பக்கவாட்டில் இரண்டு கூட்டுக்கண்கள், முதுகின் முன்பகுதியில் சிறு கண்கள், அடிப்புறத்தில் வாயருகே இன்னும் இரண்டு. வாலில்கூட ஒளியை உணரும் செல்கள் உண்டு. ஒற்றைக்கண்ணனாம்! 1881இல் பிரிட்டிஷ் விலங்கியலாளர் லங்கெஸ்டர்தான் இது சிலந்தி, தேள்களின் பக்கம் சேர வேண்டியது என்று உறுதியாக வாதிட்டார்.

அப்படியானால் இதைச் சிலந்தி என்றே சொல்லலாமா?

அவசரப்பட வேண்டாம். சிலந்தி வகுப்புக்கு வெளியே நிற்கும் பங்காளி என்பதே பாடநூல்களின் நிலைப்பாடு. 2019இல் வந்த ஒரு மரபணு ஆய்வு, இல்லை, அந்த வகுப்புக்குள்ளேயே இதன் இடம் என்றது. வழக்கு முடியவில்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் குறுகிய காலத்தில் பிரிந்த கிளைகளை மரபணுவைக் கொண்டு வரிசைப்படுத்துவது கடினம். ஆகவே நான் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறேன், பென்சிலால் எழுதி.

எத்தனை இனங்கள்?

இன்று நான்கே. ஒன்று வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம், மூன்று ஆசியக் கடல்களில்.

வால் கொட்டுமா?

கொட்டாது. அதில் விஷமும் இல்லை. அலை புரட்டிப்போட்டால் வாலை மணலில் ஊன்றி நிமிர்ந்துகொள்ளும். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், மூட்டு பழுதாகிவிடும். ஓட்டின் இரு ஓரங்களையும் பிடியுங்கள்.

இரத்தம் நீலமாக இருப்பதால்தான் மருந்துத் துறையில் பயன்படுகிறதா?

இரண்டையும் முடிச்சுப் போடுவது பரவலான பிழை. நீலத்துக்குக் காரணம் ஆக்சிஜனைச் சுமக்கும், செம்பு கொண்ட ஹீமோசயனின் என்ற புரதம். அது நண்டுக்கும் ஆக்டோபஸுக்கும்கூட உண்டு. மருந்துத் துறைக்கு வேண்டியது வேறு: இரத்தத்தில் மிதக்கும் ஒருவகை செல்கள். சிலவகை பாக்டீரியாக்களின் நச்சு துளி பட்டாலும் இவை சுற்றிலும் உறையவைத்து அதைச் சிறைப்பிடிக்கும். 1950களில் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஃப்ரெடரிக் பாங் இதைக் கவனித்தார், 1960களில் ஜாக் லெவினுடன் சேர்ந்து சோதனை முறையாக வளர்த்தெடுத்தார். ஊசிமருந்துகள் தூய்மையானவையா என்று பார்க்க இன்றும் அந்தச் சோதனை பயன்படுகிறது. இதே வேலையைச் செய்யும் புரதத்தை ஆய்வகத்திலேயே தயாரிக்கும் முறையும் வந்துவிட்டது.

கடற்கரையில் நிறைய செத்துக் கிடந்தன. நோயா?

முதலில் ஓட்டின் முன்விளிம்பைப் பாருங்கள். அங்கே நீளவாக்கில் பிளவு இருந்து, உள்ளே வெறுமையாக, எடையே இல்லாமல் இருந்தால் அது உரித்த சட்டை. நண்டு பின்பக்கமாக வெளியேறும், லாட நண்டோ முன்பக்கமாக. முழு வளர்ச்சி அடைவதற்குள் பதினாறு, பதினேழு முறை இப்படிச் சட்டை உரிக்கும். நீங்கள் பார்த்ததில் பாதியின் சொந்தக்காரர்கள் அருகிலேயே சேற்றில் ஊர்ந்துகொண்டிருக்கலாம்.