தாடை வலிக்கு எந்த ஸ்கேன்?

தாடை, கன்னத் தசை, ஸ்கேன் பற்றி வந்த கேள்விகளுக்கு, இந்தப் படங்களையே தினமும் பார்க்கும் ரேடியாலஜி டாக்டரின் பதில்கள்.

கேள்வி: வாயைத் திறந்தால் காதருகே ‘டக்’ என்று சத்தம். வலி இல்லை. எம்ஆர்ஐ எடுக்கட்டுமா டாக்டர்?

வேண்டாம். தாடை மூட்டுக்குள் மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்கிறது. அது முன்னால் நழுவி, வாய் திறக்கும்போது திரும்ப இடத்தில் உட்காருகிற சத்தம்தான் பெரும்பாலும் அது. வலியே இல்லாதவர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த நழுவல் இருந்தது. ரிப்போர்ட்டில் அந்த வரியைப் படித்துவிட்டுத் தூக்கம் கெடுவதுதான் மிச்சம். வலித்தாலோ, வாய் பூட்டிக்கொண்டாலோ வாருங்கள்.

கேள்வி: மெல்லும்போது கன்னம் வலிக்கிறது. ஓபிஜி எக்ஸ்ரே ‘நார்மல்’ என்கிறார்கள். கோட்டை விட்டுவிட்டார்களா?

இல்லை. ஓபிஜி பல்லையும் எலும்பையும் காட்டும். தசையும் தட்டும் அதில் தெரியாது. சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேனும் எலும்புக்குத்தான். தசைக்கு எம்ஆர்ஐ, அல்லது அல்ட்ராசவுண்ட். ஆனால் சாதாரணத் தசைவலிக்கு எந்தப் படத்திலும் ஒன்றும் இருக்காது. கன்னத் தசையை விரலால் அழுத்தி, “இதே வலிதானா?” என்று கேட்பதுதான் அதற்குச் சோதனை. காசு செலவில்லை.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான். தாடையோரம் புடைத்துக்கொண்டே வருகிறது. கட்டியாக இருக்குமோ?

அல்ட்ராசவுண்ட் போதும் அம்மா. கன்னத்தில் ஜெல் தடவி புரோபை வைத்து, “பல்லைக் கடி தம்பி” என்போம். மாசெட்டர் என்ற கன்னத் தசை திரையில் திரண்டு தடிக்கும், விட்டால் தளரும். இரண்டு பக்கமும் அப்படியே என்றால் உழைத்துப் பெருத்த தசைதான். ஒரு பக்கம் மட்டும் என்றால், அதை ஒட்டியுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியையும் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: பல வருடமாகப் பாக்கு போடுகிறேன். இப்போது வாய்க்குள் இரண்டு விரல்தான் நுழைகிறது. என்ன ஸ்கேன்?

முதலில் பாக்கை நிறுத்துங்கள், இன்றே. கன்னத்தின் உட்பக்கம் நாராக இறுகும் நோயாக இருக்கலாம், புற்றுநோயாக மாறக்கூடியது. கண்ணால் பார்த்தே டாக்டர் சொல்லிவிடுவார். வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். ஸ்கேன் அதற்கு அப்புறம்தான்.

கேள்வி: தாடை எம்ஆர்ஐயில் வாயைத் திறந்தபடியே இருக்க வேண்டுமாமே? பல்லில் கிளிப் வேறு இருக்கிறது.

மூடி ஒரு முறை, திறந்து ஒரு முறை. திறந்த நிலையில் நிறுத்த பற்களுக்கிடையே பிளாஸ்டிக் சிரிஞ்சைக் கூட வைப்பதுண்டு. ஆடினால் படம் கலங்கிவிடும். கிளிப்பின் உலோகமும் படத்தைக் கெடுக்கலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. நாலு வாய் மென்றதும் தாடை வலிக்கிறது, நிறுத்தினால் போய்விடுகிறது. தலை சீவினாலும் நெற்றிப்பொட்டில் வலி.

இதைத் தாடைப் பிரச்சினை என்று பல் டாக்டரிடம் காட்டிக் காத்திருக்காதீர்கள். நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயில் அழற்சியாக இருக்கலாம். நம் ஊரில் அபூர்வம்தான், ஆனால் விட்டால் பார்வை போய்விடும். ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனையோடு அந்தக் குழாயை அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள்; வீங்கிய சுவர் குழாயைச் சுற்றிக் கருப்பு வளையமாகத் தெரியும். சந்தேகம் வலுத்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு தொடங்குவார்கள். மாடிப்படி ஏறும்போதும் தாடை வலிக்கிறதா என்று கேளுங்கள். ஆமென்றால் இதய வலியாகவும் இருக்கலாம், இசிஜியும் எடுக்கவேண்டும். இன்றைக்கே கூட்டிப் போங்கள்.