பி-மதிப்பு 0.09 வந்தால் ஆய்வேடு வீணா?

கேள்வி: கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 60 பேரைக் குலுக்கல் முறையில் முப்பது முப்பதாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் செய்முறைகள் வழியாகவும் மற்றொன்றுக்கு வழக்கமான முறையிலும் அறிவியல் பாடம் நடத்தினேன். இறுதித் தேர்வில் சராசரி மதிப்பெண்கள் 68, 64. இரண்டு குழுக்களிலும் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 9. இரு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையில் பி-மதிப்பு 0.09. "கருதுகோள் வரவில்லையே" என்று நெறியாளர் வருத்தப்படுகிறார். டேட்டா அனாலிசிஸ் செய்து தரும் மையத்தில், ஒரு திசை வேறுபாட்டை மட்டும் பார்க்கும் ஒருமுனைச் சோதனையாக மாற்றினால் 0.045 ஆகிவிடும் என்கிறார்கள். மாற்றலாமா? என் ஆய்வு தோற்றுவிட்டதா?

பதில்: மாற்றக் கூடாது. உங்கள் ஆய்வு தோற்கவும் இல்லை.

முதலில் அந்த 0.09 என்ன சொல்கிறது என்று பார்ப்போம். செய்முறை வழிக் கற்பித்தலால் எந்தப் பயனும் இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதுவே இன்மைக் கருதுகோள். அப்போதும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் குலுக்கலில் ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாக விழுந்துவிட்டால் சராசரிகள் வேறுபடத்தான் செய்யும். அப்படித் தற்செயலாகவே, எந்தப் பக்கமாகவேனும், 4 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வேறுபாடு தென்படுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது. அதற்கு மேல் அந்த எண்ணில் எதுவும் இல்லை. உங்கள் முறை பயனற்றது என்பதற்கு 9 விழுக்காடு வாய்ப்பு என்றோ, பயனுள்ளது என்பதற்கு 91 விழுக்காடு வாய்ப்பு என்றோ அதற்குப் பொருள் கிடையாது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் தனி அறிக்கை வெளியிட்டே இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து, பி-மதிப்பு இதற்குக் கீழே வந்தால்தான் வேறுபாடு குறிப்பிடத்தக்கது என்று கொள்ளப்படும் 0.05. இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரொனால்டு ஃபிஷர், 1925இல் வெளிவந்த தம் நூலில், எல்லையாகக் கொள்ள வசதியானது என்று சொல்லிப் பயன்படுத்திய எண் இது. வசதிக்காக வந்த எண், நூறு ஆண்டுகளில் நம் பல்கலைக்கழகங்களில் தேர்ச்சி மதிப்பெண் ஆகிவிட்டது. 0.049 வந்தால் கண்டுபிடிப்பு, 0.051 வந்தால் தோல்வி என்று ஆய்வேடுகளை எடைபோடுவோர், இவ்விரண்டு எண்களுக்கும் இடையே ஒரே ஒரு மாணவரின் விடைத்தாள்கூட நிற்கலாம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

மையத்தார் சொல்லும் தந்திரத்துக்கு வருகிறேன். ஒருமுனைச் சோதனை தவறானது அன்று; அதற்கென்று இடம் உண்டு. குடிநீரில் ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டுகிறதா என்று சோதிப்பவருக்கு ஒரு திசை மட்டுமே முக்கியம்; வரம்புக்கு எவ்வளவு கீழே இருந்தாலும் அவர் எடுக்கும் முடிவு ஒன்றுதான். அவர் ஒருமுனைச் சோதனை செய்யலாம், அதுவும் தண்ணீர் மாதிரி எடுப்பதற்கு முன்பே அதை எழுதி வைத்திருந்தால் மட்டும். முன்பே எழுதினாரா, எதிர்த்திசை முடிவு அவருக்கு உண்மையிலேயே பொருட்டல்லவா என்ற இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே நிறைவேற வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் அனுமதி இல்லை. உங்கள் ஆய்வில் செய்முறைக் குழு எட்டு மதிப்பெண் குறைவாக எடுத்திருந்தால், அதை வேறுபாடு இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருப்பீர்களா? மாட்டீர்கள். புதிய முறை பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தது என்று எழுதியிருப்பீர்கள். எனவே இரண்டாவது நிபந்தனை இங்கே நிறைவேறவில்லை. முதல் நிபந்தனைக்கு, பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வு முன்மொழிவை எடுத்துப் பாருங்கள். "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்ற வழக்கமான வாக்கியம்தான் அங்கே இருக்கும், அது இரு திசைகளையும் பார்க்கும் இருமுனைச் சோதனைக்கு உரியது. முடிவைப் பார்த்த பிறகு திசையைத் தேர்ந்துகொண்டு 0.05 என்று போட்டால், தவறாக மார்தட்டும் வாய்ப்பு உண்மையில் நூற்றுக்குப் பத்தாக இருக்கும், காகிதத்தில் மட்டும் ஐந்தாக இருக்கும்.

இந்த மையங்களைப் பற்றிக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. பாதியாக்கும் தந்திரம் எடுபடாவிட்டால் "ஒட்டாத" இரண்டு மாணவர்களை நீக்குவார்கள். அதுவும் பலிக்காவிட்டால் பால், வாழிடம், பயிற்றுமொழி, பெற்றோரின் கல்வி என்று தரவைக் கூறுபோட்டு, எங்கேயாவது 0.05க்குக் கீழே வந்ததைக் காட்டும் நட்சத்திரக்குறி விழும் வரை சோதித்துக்கொண்டே இருப்பார்கள். ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளை 0.05 அளவில் செய்தால், எதிலுமே உண்மையான வேறுபாடு இல்லாதபோதும், ஒன்றிலாவது வேறுபாடு இருப்பதாகத் தோன்ற 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இருபது இன்மைக் கருதுகோள்களை வரிசையாக அடுக்காத ஆய்வேட்டை மெலிந்தது என்று கருதும் மதிப்பீட்டாளர்கள் இருக்கும் வரை இந்தக் கடைகளுக்கு வியாபாரம் குறையாது. அந்தப் பழியை முழுக்க மையங்களின் மேல் மட்டும் போட முடியாது.

இன்னொன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் தரும் டி-சோதனை அட்டவணையில் இடப்பக்கம் முதலில் வரும் எஃப், சிக் (பி-மதிப்பு) என்ற இரண்டு கட்டங்கள் லெவீன் சோதனைக்கு உரியவை. இரு குழுக்களின் மதிப்பெண் பரவலும் ஒத்திருக்கிறதா என்பதை மட்டுமே அவை சொல்கின்றன. டி-மதிப்புக்குரிய பி அதற்கு வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. முதலில் கண்ணில் படும் சிக் மதிப்பையே எடுத்து ஆய்வேட்டில் ஒட்டும் மையங்கள் உண்டு. உங்கள் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன்: டி 1.72, பி 0.09. எண் சரிதான்.

அப்படியானால் உங்கள் ஆய்வு எதைக் காட்டியது? வேறுபாடு 4, அதன் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ -0.7 முதல் 8.7 வரை. அதாவது, பயனே இல்லை என்பதும் உங்கள் தரவோடு பொருந்துகிறது, எட்டு மதிப்பெண் பயன் என்பதும் பொருந்துகிறது. வெங்காயம் நிறுக்கும் தராசில் மூக்குத்தியை வைத்தால் முள் அசையாதது மூக்குத்தியின் குற்றமன்று. உண்மையான வேறுபாடு 4 மதிப்பெண்ணாகவே இருந்தாலும், குழுவுக்கு முப்பது பேர் என்ற அளவில் அது பிடிபட ஏறத்தாழ 40 விழுக்காடு வாய்ப்புதான் இருந்தது. 80 விழுக்காடு வேண்டுமானால் குழுவுக்கு ஏறத்தாழ எண்பது பேர் தேவைப்பட்டிருப்பார்கள். மாதிரியின் அளவை முடிவு செய்த நாளில் உங்கள் ஆய்வுக் குழு கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. முப்பது பேர் போதும் என்ற வாய்ப்பாட்டை யார் எப்போது தொடங்கி வைத்தார்களோ, இன்று அதைக் கேள்வி கேட்பவர் இல்லை.

நான்காம் இயலில் "இன்மைக் கருதுகோள் ஏற்கப்படுகிறது" என்று எழுதாதீர்கள், அது நிறுவப்படவில்லை. இப்படி எழுதுங்கள்: "செய்முறைக் குழுவின் சராசரி 4 மதிப்பெண் கூடுதலாக இருந்தது (95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி -0.7 முதல் 8.7; டி = 1.72, பி = 0.09). இன்மைக் கருதுகோளை நிராகரிக்க இந்த மாதிரியில் போதிய சான்று இல்லை." அதையடுத்து, மாதிரி சிறியது என்பதையும் அடுத்த ஆய்வுக்கு எத்தனை பேர் தேவை என்பதையும் ஒரு பத்தியில் சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வில் யாராவது கருதுகோள் ஏன் வரவில்லை என்று கேட்டால், நம்பிக்கை இடைவெளியைக் காட்டிப் பேசுங்கள். மையத்திடமிருந்து மூலத் தரவுக் கோப்பையும் அவர்கள் இட்ட கட்டளைகளின் பதிவையும் இந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள். அறுபது மாணவர்களின் மதிப்பெண்களும் நீங்கள் கொடுத்தபடியே இருக்கின்றனவா என்று விடைத்தாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுத்தால் போதும்.