மனதுக்குள் ஒரு மத்தியான வாக்குவாதம்

கேள்வி: எனக்குத் திருமணமாகி ஒன்பது வருடம். இரண்டு பிள்ளைகள். சின்னவன் பிறந்தபின் வேலையை விட்டுவிட்டேன். நானும் கணவரும் பேசி எடுத்த முடிவுதான் அது. போன வருடம் குடும்பத்தார் கூடியிருந்த இடத்தில் என் ஓரகத்தி, “உனக்கென்ன, வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்” என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். சிரித்துச் சமாளித்தேன். அன்றிலிருந்து, எல்லோரும் வெளியே போய்ச் சின்னவனும் தூங்கிய பிறகு, பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் அந்தப் பேச்சுதான் ஓடுகிறது. அன்று சொல்லாமல் விட்ட பதிலையெல்லாம் மனதுக்குள் அவரிடம் சொல்லிச் சண்டை போடுகிறேன். கைபேசியைத் திறந்தால் பழைய தோழிகளின் பதவி உயர்வுச் செய்திகள். சாயங்காலம் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன். “எந்த எண்ணத்தையும் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படியச் சிறைப்படுத்துகிறவர்களாயிருக்கிறோம்” என்ற வசனத்தைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டியும் பயனில்லை. ஜெபக்கூட்டத்தில் ஒரு அக்கா, “விசுவாசக் குறைவுதான் காரணம்” என்றார். இந்த மனதோடு திருவிருந்து எடுக்கவும் பயமாக இருக்கிறது. இரண்டு முறை எடுக்காமலே வந்துவிட்டேன். என் எண்ணங்களை எப்படிக் காத்துக்கொள்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அந்த அக்கா சொன்னதை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். எண்ணம் வருவதையும் விசுவாசக் குறைவையும் முடிச்சுப் போட வேதத்தில் ஆதாரம் இல்லை. வனாந்தரத்தில் சோதனைக்காரன் இயேசுவின் முன்னாலேயே மூன்று யோசனைகளை வைத்தான். அவை வந்ததே அவருக்குக் குற்றமாகிவிடவில்லை.

இதைப் பற்றி ஆழமாக எழுதிய ஒரு பழைய மனிதரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். பெயர் எவாகிரியுஸ். கி.பி. 399-ல் இறந்தவர். கான்ஸ்டாண்டிநோபிளில் பெயர் பெற்ற பிரசங்கியாராக இருந்து, அதை விட்டுவிட்டு எகிப்தின் பாலைவனத்துக்குப் போய்த் துறவியாக வாழ்ந்தார். (விட்ட காரணம் வேறு கதை. அது இப்போது வேண்டாம்.) மனதைத் தொல்லை செய்கிற எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்தவர் இவர்தான். அதில் ஒன்றை மத்தியான நேரத்துப் பிசாசு என்கிறார். காலை பத்து மணிவாக்கில் தொடங்கி இரண்டு மணிவரை அது துறவியைச் சுற்றிக்கொண்டிருக்குமாம். சூரியன் நகரவில்லை, பகலுக்கு 50 மணி நேரம் என்று தோன்றும். இருக்கிற இடமும் வேலையும் கசக்கும். கூட இருக்கிறவர்களிடத்தில் அன்பே இல்லை, ஆறுதல் சொல்ல ஒருவரும் இல்லை என்று தோன்றும். அந்த நேரத்தில் யாராவது அவனைப் புண்படுத்தியிருந்தால் அதையும் சேர்த்துக்கொண்டு வெறுப்பைக் கூட்டும்.

உங்கள் கடிதத்தில் இருக்கிற நேரமும் அதுதான், கசப்பும் அதுதான். வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு மட்டும் வருகிற பலவீனம் இது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1600 வருடங்களுக்கு முன்பே, நாள் முழுவதும் ஜெபம் பண்ணுவதற்கென்றே போனவர்களுக்கும் இது வந்திருக்கிறது. இந்த எண்ணங்கள் நம்மைத் தொல்லை செய்வதும் செய்யாமலிருப்பதும் நம் கையில் இல்லை, அவை தங்குவதும் தங்காமலிருப்பதும்தான் நம் கையில் இருக்கிறது என்பது எவாகிரியுஸின் முடிவு. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. நீங்களோ வருவதையே தடுக்கப் பார்த்து ஓய்ந்துபோயிருக்கிறீர்கள்.

தடுத்து நிறுத்தவும் முடியாது. 1987-ல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கக் கூடாது என்று சிலரிடம் சொல்லிவிட்டு, நினைவு வரும்போதெல்லாம் மணியை அடிக்கச் சொன்னார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நினைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. ‘ஓரகத்தியை நினைக்க மாட்டேன்’ என்று நீங்கள் எடுக்கிற தீர்மானமும் அப்படித்தான் முடியும். இயேசு சொன்ன உவமையில் அசுத்த ஆவி திரும்பி வந்து பார்த்தபோது வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டுத்தான் இருந்தது. உள்ளே யாரும் இல்லாததால் ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறியது.

அப்படியானால் என்ன செய்வது? உங்கள் சண்டையை நிறுத்த வேண்டாம். கேட்கிற ஆளை மாற்றுங்கள்.

13-ஆம் சங்கீதத்தில் தாவீது, “எதுவரைக்கும் என் ஆத்துமாவிலே ஆலோசனைபண்ணிக்கொண்டிருப்பேன்?” என்று அழுகிறார். நித்தம் நித்தம் மனதுக்குள் அரைத்துக்கொண்டிருந்தவர்தான் அவரும். ஆனால் அதை அவர் கர்த்தரிடத்தில் சொல்கிறார். நீங்கள் மனதுக்குள் போடுகிற சண்டையில் ஓரகத்தியின் பேச்சையும் நீங்களேதான் எழுதுகிறீர்கள். அவர் நிஜத்தில் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். மற்றதெல்லாம் நீங்கள் அவர் வாயில் வைத்தது. அந்தச் சண்டையில் அவர் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை, ஏனென்றால் நீங்கள் கேட்க விடமாட்டீர்கள். ஆகையால் நாளைக்கு அது தொடங்கும்போது வாயைத் திறந்து, சத்தமாகவே, “ஆண்டவரே, அவர் என்னைச் சும்மா இருக்கிறவள் என்று சொன்னது எனக்கு வலிக்கிறது. அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது” என்று சொல்லுங்கள். அழகான ஜெபமாக இருக்கத் தேவையில்லை. கோபத்தை மறைத்துத் துதியில் தொடங்கவும் தேவையில்லை. சங்கீதக்காரர் பல இடங்களில் முறையீட்டில்தான் தொடங்குகிறார்.

அதன் பிறகு ஒரு பதில் வசனம். வனாந்தரத்தில் இயேசு கொடுத்த மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து எடுத்தவை. அந்த வழியைப் பின்பற்றி எவாகிரியுஸ், எந்த எண்ணத்துக்கு எந்த வசனம் என்று கிட்டத்தட்ட 500 வசனங்களைத் தொகுத்து வைத்தார். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம், ஒன்று போதும். சுவரில் இருக்கிற வசனம் இந்த வேலைக்குச் சரிப்படாது என்பது என் எண்ணம். அது நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறதே தவிர, ‘சும்மா இருக்கிறாய்’ என்ற பேச்சுக்கு மறுமொழி தருவதில்லை. கொலோசெயர் 3-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: “எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்.” பவுல் இதை முதலில் யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். அடிமைகளிடம். நன்றி என்று ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுவேலை செய்துகொண்டிருந்தவர்களிடம். அதை மனப்பாடம் செய்து கையில் வேலை இருக்கும்போது சொல்லிப் பாருங்கள்.

மனம் மறுபடி ஓடும். ஓடட்டும். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து மடம் ஒன்றில் சமையலறை வேலை செய்த சகோதரர் லாரன்ஸ் என்பவர் வேலையின் நடுவே தேவனோடு பேசப் பழகியதற்காகவே நினைக்கப்படுகிறார். அவருக்குச் சமையலறை என்றாலே பிடிக்காது என்பதைப் பலர் சொல்வதில்லை. ஜெபத்தில் மனம் அலைந்தால் அதற்காகப் பதறாதே, பதற்றம் இன்னும் கலைக்கும், மெதுவாகத் திருப்பிக் கொண்டுவா என்று அவர் அறிவுரை எழுதியிருக்கிறார். நல்ல அறிவுரைதான். ஆனாலும் அவர் காலைப் பிடித்து அழ ஒரு குழந்தை இருக்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்!

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. எண்ணங்களைக் காப்பது பற்றிப் பேசுகிற எல்லாரும் பிலிப்பியர் 4-ஆம் அதிகாரத்துக்குப் போவார்கள்: தேவசமாதானம் “உங்கள் இருதயங்களையும் உங்கள் சிந்தைகளையும் கிறிஸ்து இயேசுவுக்குள்ளாகக் காத்துக்கொள்ளும்.” ஏழாம் வசனம். அதற்குச் சற்று மேலே இரண்டாம் வசனத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களுக்குள் மனஸ்தாபம். பவுல் இருவர் பெயரையும் சொல்லி ஒரே சிந்தையாயிருக்கும்படி புத்தி சொல்கிறார். அடுத்த வசனத்தில், அவர்களுக்கு உதவி செய் என்று இன்னொருவரையும் கேட்டுக்கொள்கிறார். சமாதானத்தைப் பற்றிய அந்தப் பெரிய வாக்குத்தத்தம் இந்தச் சண்டையைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது. நாம் ஏழாம் வசனத்தை மட்டும் சுவரில் மாட்டிக்கொள்கிறோம்.

எல்லாக் கசப்பும் ஜெபத்தில் மட்டும் தீர வேண்டியதல்ல. சில கசப்புகள் பேசித்தான் தீரும். உங்களுக்கு விரோதமாகக் குற்றம் செய்தவரிடத்தில் போய்த் தனியாக இருக்கும்போது சொல் என்பது மத்தேயு 18-இல் ஆண்டவரே கொடுத்த வழி. ஒரு வருடமாக இந்த வலி உங்கள் கணவருக்குத் தெரியுமா? கடிதத்தில் அவர் பெயருக்குத்தான் வருகிறார். முதலில் அவரிடம் சொல்லுங்கள். ஆனால் உங்களுக்குப் பதிலாக அவரைத் தூது அனுப்பாதீர்கள். அது அண்ணன் தம்பிக்குள் இன்னொரு சண்டையாகிவிடும். பிறகு ஓரகத்தியைத் தனியே பார்க்கும்போது, குரலை உயர்த்தாமல், “அக்கா, அன்றைக்கு நான் சும்மா இருக்கிறேன் என்று சொன்னீர்கள். எனக்குக் கஷ்டமாக இருந்தது” என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்திவிடுங்கள். ஒரு வருடமாகச் சேர்த்து வைத்த பதில்களை அங்கே அவிழ்க்க வேண்டாம். அவர் வருத்தப்படலாம், கோபப்படலாம், அப்படிச் சொன்னேனா என்றே கேட்கலாம். மூன்றாவதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். உங்களை ஒரு வருடம் உருக்கிய பேச்சு அவருக்கு ஞாபகம்கூட இல்லாமல் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்வதும் நல்லதுதான்.

இன்னொன்றையும் நேராகக் கேட்கிறேன். அந்த வாக்கியம் இவ்வளவு ஆழமாகக் குத்துவது, அதில் பாதியை நீங்களே நம்புவதாலா? வேலையை விட்ட முடிவு இன்றைக்கும் உங்களுக்குச் சரியாகப் படுகிறதா? இல்லையென்றால் அதைக் கணவரோடு உட்கார்ந்து மறுபடி பேசுவது பாவமல்ல. அந்தக் கேள்வியைச் ‘சாத்தான் கொடுக்கிற எண்ணம்’ என்று பெயரிட்டு அமுக்கிவைத்தால் அது ஓரகத்தியின் குரலில் வந்து பேசும். நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்துக் குணசாலியான ஸ்திரீ வயல் வாங்குகிறாள், வியாபாரமும் செய்கிறாள். அவளை நம் முன்னே நிறுத்திப் பிரசங்கம் செய்கிறவர்கள், அவள் வீட்டில் வேலைக்காரிகள் இருந்தார்கள் என்ற 15-ஆம் வசனத்தை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

கைபேசிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்த மத்தியான நேரத்தில் மட்டும் அதை வேறு அறையில் வையுங்கள். தோழிகளின் செய்தியைச் சாயங்காலம் பார்த்து வாழ்த்தும் சொல்லுங்கள்.

தூக்கம் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே? சின்னவன் இரவில் எழுப்புகிறானா? எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது தூதன் உபதேசம் பண்ணவில்லை. தூங்கவிட்டு, எழுப்பிச் சாப்பிட வைத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் கர்த்தர் அவரோடு பேசியது அதற்குப் பிறகு. ஆகையால் சின்னவன் தூங்குகிற நேரத்தில் வாரத்தில் சில நாளாவது துணியை மடிக்காமல் நீங்களும் படுத்துக்கொள்ளுங்கள்.

எரிச்சலோடு கூட, இரண்டு வாரங்களுக்குமேல் நாள் முழுவதும் மனம் இருண்டே இருந்தாலோ, பிள்ளைகளிடத்தில்கூடப் பிரியம் தோன்றாவிட்டாலோ, தூக்கமும் பசியும் கெட்டிருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு பலருக்கு மாதக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது. செத்துப்போகலாம், பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்ற நினைவு வந்தால் அன்றைக்கே கணவரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள், ஜெபக்கூட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அப்படி ஒரு நினைவு வந்ததனாலேயே நீங்கள் கெட்ட தாய் ஆகிவிடமாட்டீர்கள். மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால், லூக்காவைப் பவுல் ‘பிரியமான வைத்தியன்’ என்று அழைத்ததைக் காட்டுங்கள்.

கடைசியாகத் திருவிருந்து. நீங்கள் அதைத்தான் அதிகமாகப் பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 1 கொரிந்தியர் 11-இல் பவுல் எழுதுவது இது: “எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்.” சோதித்தறிந்தபின் எழுந்து வீட்டுக்குப் போ என்று அவர் சொல்லவில்லை. நீங்கள் உங்களைச் சோதித்தாயிற்று, ஒரு பக்கம் நிறைய எனக்கு எழுதியும் அனுப்பியாயிற்று. மன்னிக்க மனமில்லையென்றால் மனமில்லை என்பதையே ஆண்டவரிடம் சொல்லுங்கள். மன்னிக்க விரும்பவாவது எனக்கு உதவி செய்யும் என்று கேளுங்கள். மன்னித்த அடுத்த நாளே பழைய வாக்கியம் மறுபடி ஓடினால் முதல்நாள் மன்னித்தது பொய் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். அதற்கும் மனது இன்னும் தயங்கினால் உங்கள் போதகரிடம் முன்கூட்டியே பேசுங்கள். ஆனால் அடுத்த முறை ஆராதனையில் அழைக்கும்போது பின்வரிசையில் உட்கார்ந்துவிடாமல் எழுந்து போங்கள்.