லினக்ஸ் 'பிசி' கால்குலேட்டரில் 1/3 போட்டால் 0 வருகிறது, சைன் 30 போட்டால் மைனஸில் வருகிறது. ஏன்?

இரண்டும் பிசியின் பிழை அல்ல. முதலாவது ஸ்கேல் (புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பது) விஷயம், இரண்டாவது ரேடியன் (பாகை அல்லாத இன்னொரு கோண அலகு) விஷயம். (கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், பேரெழுத்து என்று சொல்லாதவரை எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து. 'பிசி' என்பது bc.)

வெறும் 'பிசி' என்று திறந்தால் ஸ்கேல் 0. அதாவது வகுத்தலில் புள்ளிக்குப் பின் ஒரு இலக்கமும் வைக்காது. 1/3 என்றால் 0, 2-இன் வர்க்கமூலம் கேட்டால் 1. 'பிசி -எல்' என்று திறங்கள். அது எல் எழுத்து, ஒன்று என்ற எண் அல்ல. இப்போது ஸ்கேல் 20 ஆகும், கணித நூலகமும் ஏறும். 1/3 கேட்டால் .33333333333333333333 வரும். புள்ளிக்கு முன் பூஜ்யம் போடாதது ஜிஎன்யூ பிசியின் (லினக்ஸில் வழக்கமாக இருக்கும் பிசி) வழக்கம்.

நூலகத்தில் இருப்பவை ஆறே சார்புகள், எல்லாம் ஒற்றை எழுத்து: எஸ் சைன், சி கொசைன், ஏ ஆர்க்டேன், எல் இயல் மடக்கை, ஈ அடுக்கேற்றம், ஜே பெஸல். 'சைன்' என்று முழுசாகத் தட்டினால் அப்படி ஒரு சார்பே இல்லை என்று திட்டும். டேன் வேண்டுமானால் எஸ்-ஐ சி-ஆல் வகுக்க வேண்டும். பத்தடி மடக்கைக்கு எல்(எக்ஸ்)/எல்(10).

கோணம் எப்போதும் ரேடியனில்தான். எஸ்(30) என்றால் 30 ரேடியனின் சைன், -.98803 என்று தொடங்கும் எண் சரியான விடையே. பாகைக்கு இப்படி:

பை=4*ஏ(1)
எஸ்(30*பை/180)

விடை .5 என்று வராது, .49999999999999999999 என்று வரும். பிசி ரவுண்டு செய்வதில்லை, மிச்சத்தை வெட்டிவிடுகிறது. முதல் வரியை மறந்துவிட்டால் 0 வரும், எச்சரிக்கை ஒன்றும் வராது. மதிப்புக் கொடுக்காத மாறி எல்லாம் பிசிக்குப் பூஜ்யம்தான். எதிர்பாராமல் 0 வந்தால் முதலில் மாறியின் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

பணக் கணக்கில் பலரும் சறுக்குவது வேறு இடத்தில். "பைசா வரை போதுமே" என்று ஸ்கேலை 2 ஆக வைத்து 100000*(7.5/100) போட்டால் 7000.00 வரும். வரவேண்டியது 7500. அடைப்புக்குள் .075 என்பது .07 ஆக வெட்டுப்பட்டுவிட்டது. ஸ்கேல் கடைசி விடையில் மட்டுமல்ல, நடுவில் வரும் ஒவ்வொரு வகுத்தலிலும் கத்தி வைக்கும். அதனால் கணக்கு முடியும்வரை 20 இருக்கட்டும். 100000*1.075^5 என்றால் 143562.932617187500000 கிடைக்கும். அதன்பின் ஸ்கேலை 2 ஆக்கி, (லாஸ்ட்+.005)/1 என்று போட்டால் 143562.93. 'லாஸ்ட்' என்பது ஜிஎன்யூ பிசியில் முந்தைய விடை. ஒன்றால் வகுப்பது வெட்டுவதற்காக மட்டுமே. எதிர்ம எண்ணாக இருந்தால் .005-ஐக் கழிக்க வேண்டும். எண்ணை 1,00,000 என்று காற்புள்ளியோடு தட்டாதீர்கள், ஏற்காது.

ஸ்கேல் 20 ஆக இருப்பதிலும் ஒரு தொல்லை உண்டு: 7%3 கேட்டால் 1 வராது, .00000000000000000001 வரும். வகுத்தலில் 20 இலக்கம் எடுத்துவிட்டு அதற்கு மேலான மீதியைத்தான் சொல்கிறது. மீதி காணும்போது மட்டும் ஸ்கேல்=0.

அடுக்கு முழு எண்ணாக இருக்க வேண்டும். 2^0.5 எச்சரிக்கையோடு 1 தரும். அதற்கு ஈ(0.5*எல்(2)), வர்க்கமூலம்தான் என்றால் ஸ்க்யூஆர்டி(2). இன்னொன்று, -2^2 இங்கே 4. கழித்தல் குறி அடுக்கைவிட முதலில் ஒட்டிக்கொள்கிறது. பள்ளிக் கணக்குப்படி -4 வேண்டுமானால் -(2^2) என்று அடைப்புப் போடுங்கள்.

பதினாறை அடியாகக் கொண்ட (ஹெக்ஸாடெசிமல்) எண்ணைத் தட்ட ஐபேஸ்=16. அங்கே ஏ முதல் எஃப் வரை மட்டும் பேரெழுத்து, சிற்றெழுத்தில் தட்டினால் அதை மாறி என்று எடுத்துக்கொண்டு 0 சொல்லும். திரும்பி வர ஐபேஸ்=10 என்று தட்டினால் எதுவும் மாறாது, ஏனெனில் அந்த 10-ஐயும் பதினாறாகத்தான் படிக்கும். ஐபேஸ்=ஏ என்று பேரெழுத்து ஏ போடுங்கள். அது எந்த அடியிலும் பத்துதான்.

நூறு இலக்கம் கேட்டால் விடை சுமார் 70 எழுத்தோடு பின்சாய்கோடு போட்டு உடையும். பிசி_லைன்_லெங்த் (இது முழுக்கப் பேரெழுத்து) என்ற சூழல் மாறியை, அதாவது பிசிக்கு வெளியே டெர்மினலில் வைக்கும் அமைப்பை, 0 ஆக்கிவிட்டுத் திறந்தால் ஒரே வரியில் வரும்.